வருகைப் பதிவேட்டில் மின்னஞ்சல் கட்டம் தேவையா?

ஏட்டுக்காரர்:

எங்கள் வாசகர் வட்டத்துக்கு நான்கு ஆண்டுகளாக நான்தான் செயலாளர். மாதம் ஒரு கூட்டம். வாசலில் ஒரு மேசை, அதன் மேல் கோடு போட்ட நீளமான பதிவேடு, பதிவேட்டின் முதுகில் நூலால் கட்டிய பேனா. பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். எனக்கு முன்பிருந்தவர் கொடுத்துவிட்டுப் போனது அப்படியே தொடர்கிறது. எதற்காக நான்கு என்று நான் யோசித்ததே இல்லை.

சென்ற கூட்டத்துக்குப் புதிதாக ஒரு பெண்மணி வந்தார். பெயரை எழுதினார். மின்னஞ்சல் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். போன மாதம், அதற்கு முந்தைய மாதம் என்று எல்லாருடைய எண்ணும் முகவரியும் வரிசையாகத் தெரிந்தன. "இதை யார் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். "நிர்வாகிகள் மட்டும்தான் அம்மா" என்றேன். அவர் பதில் பேசவில்லை. தாம் புரட்டி வைத்திருந்த பக்கத்தையும் என்னையும் ஒருமுறை பார்த்தார். எழுதிய பெயரை அழுத்தமாக அடித்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போய்விட்டார்.

நான் சொன்னது உண்மையில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிர்வாகிகள் மட்டும் பார்ப்பதாக இருந்தால் அவரால் எப்படிப் புரட்டியிருக்க முடியும்?

நிர்வாகக் குழுவில் இதைப் பேசினேன். மூவர் கட்டத்தை எடுத்துவிடலாம் என்கிறார்கள், மூவர் கூடாது என்கிறார்கள். கூட்டம் நடத்துகிறவர்களும் கூட்டங்களுக்குப் போகிறவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பழஞ்செயலர்:

இருபது ஆண்டுகளுக்கு மேல் சங்கங்களை நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். அரங்கம் கடைசி நேரத்தில் மாறினால் எப்படித் தெரிவிப்பீர்கள்? கூட்டக் குறிப்பை யாருக்கு அனுப்புவீர்கள்? பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேறி, ஆறு மாதம் கழித்து "அன்று போதிய உறுப்பினர்கள் வரவே இல்லை" என்று ஒருவர் கிளம்பினால், கையில் காட்டுவதற்கு அந்தப் பதிவேடு ஒன்றுதான் இருக்கும். எனக்கு அது நடந்திருக்கிறது. பதிவேடுதான் காப்பாற்றியது.

ஒருவர் தயங்கினார் என்பதற்காக ஒரு சங்கத்தின் நினைவையே அழித்துவிட முடியாது. முன்பெல்லாம் தொலைபேசி டைரக்டரியில் ஊரார் பெயர், வீட்டு முகவரி, எண் எல்லாம் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள். யாரும் பதறவில்லை.

தச்சன்:

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல மின்னஞ்சல் சேவைகளில் நம் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்து எழுதினாலும், கடிதம் நம் பெட்டிக்கே வந்து சேரும். ஜிமெயிலில் இது உண்டு. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அந்த அமைப்பின் சுருக்கப் பெயரைக் கூட்டல் குறிக்குப் பின்னால் சேர்த்து எழுதுவது என் பழக்கம்.

ஒரு முறை உடல்நலம் பற்றிய இலவசக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போனேன். அமைப்பின் பெயர் வேண்டாம். வாசலில் அட்டையில் செருகிய தாள், "வருகைப் பதிவு" என்று தலைப்பு. கூட்டல் குறியோடு எழுதிவிட்டு வந்தேன். இரண்டே மாதத்தில் அந்த முகவரிக்கு ஒரு காப்பீட்டு விளம்பரம் வந்தது. அடுத்து ஒரு மருந்து விற்பனையாளர். பிறகு வெளிநாட்டுப் படிப்பு, கடன், எல்லாம். அந்த முகவரியை உலகத்தில் வேறெங்கும் நான் எழுதியதே கிடையாது. அந்த ஒரு தாளில், ஒரே ஒரு முறை.

அமைப்பாளரைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. "நிகழ்ச்சிக்கு உதவியவர்கள் பட்டியலைக் கேட்டார்கள், கொடுத்தோம்" என்றார். அதில் தவறு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

வெண்பனி:

நான் எங்கே போனாலும் தவறான முகவரிதான் எழுதுகிறேன். என்னைப் போல எத்தனை பேரோ. உங்கள் பதிவேடு எதை நிரூபிக்கும் என்று யோசித்துப் பாருங்கள் ஐயா.

முல்லை:

இதைப் பொதுவில் எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் தயங்கினேன். எழுதிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கேள்வி நேரத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். அன்று இரவு பத்து மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: "இன்று நீங்கள் கேட்ட கேள்வி அருமை." அனுப்பியவர் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. நன்றி என்று ஒரு வரி எழுதினேன். மறுநாள் இன்னொன்று. அதற்கு அடுத்த நாள் இரண்டு. என் முகவரியில் என் முழுப்பெயர் இருக்கிறது. அதை வைத்துச் சமூக வலைத்தளத்தில் தேடி, நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது வரை கண்டுபிடித்து எழுதினார். பதில் எழுதுவதை நிறுத்திய பிறகும் மூன்று மாதம் வந்துகொண்டிருந்தது.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு அவரே பெருமையாகச் சொன்னார். பதிவேட்டில் எனக்கு அடுத்த வரி அவருடையது. நான் எழுதி முடித்துப் பேனாவை நீட்டியபோதே படித்துவிட்டார்.

அமைப்பாளர்களிடம் முறையிட்டேன். "நல்ல பையன்தானே, ஆர்வத்தில் எழுதியிருப்பான்" என்றார்கள். அதன் பிறகு அங்கே போவதை விட்டுவிட்டேன். என் பெயர் அந்தப் பதிவேட்டில் இன்றும் இருக்கும்.

பழஞ்செயலர் ஐயா, பதறாதவர்கள் எல்லாரும் பாதுகாப்பாக இருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்வதற்கு அவர்களுக்கு இடம் இல்லாமல் இருந்திருக்கலாம். 2020இல் தொற்றுக் காலத்தில் நியூசிலாந்தில் ஒரு பெண், துரித உணவகம் ஒன்றில் தொற்றுத்தடம் அறிவதற்கான படிவத்தை நிரப்பினார். பெயர், வீட்டு முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி. அங்கே வேலை செய்த ஒருவர் அதைப் பார்த்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், குறுஞ்செய்தி என்று எல்லா வழியிலும் அவரைத் தொடர்பு கொண்டார். உயிர் காக்கும் நோக்கத்தோடு வாங்கிய தாளுக்கே அந்தக் கதி.

ஏட்டுக்காரர்:

முல்லை அவர்களே, எழுதியதற்கு நன்றி. எங்கள் பதிவேட்டில் ஒவ்வொருவரும் தமக்கு மேலே உள்ள எல்லா வரிகளையும் படித்துவிட்டுத்தான் தம் வரியை எழுதுகிறார். இதை நான் பார்த்தும் பார்க்காமலேயே இருந்திருக்கிறேன்.

பழஞ்செயலர்:

முல்லை அம்மா எழுதியதைப் படித்தேன். அந்த அமைப்பாளர்கள் சொன்ன பதில் வெட்கக்கேடு. என் காலத்தில் யாராவது அப்படி வந்து முறையிட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நிச்சயமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

ஆனால் தீர்வு என்ன? முகவரியே வாங்காவிட்டால் சங்கம் எப்படி நடக்கும்? டைரக்டரி பற்றிச் சொன்னதை இன்னும் முழுதாகக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. முகவரி என்பது நாலு பேர் நம்மைத் தேடி வருவதற்காகத்தானே இருக்கிறது?

ஆவணக்கண்:

டைரக்டரிக்கும் வருகைப் பட்டியலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. டைரக்டரியில் என் பெயர் இருந்தால், எனக்குத் தொலைபேசி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு கூட்டத்தின் பட்டியலில் இருந்தால், நான் எதை நினைக்கிறேன், எந்த நோயோடு வாழ்கிறேன், எந்தத் தொழிற்சங்கத்தில் சேர எண்ணுகிறேன் என்பது தெரிந்துவிடுகிறது. பெயர்ப்பட்டியலின் தலைப்புதான் அதில் உள்ள பெரிய ரகசியம்.

இதை உலகம் ஒருமுறை நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறது. 1950களில் அமெரிக்காவின் அலபாமா மாநில அரசு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி அமைப்பிடம் அதன் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. மற்ற ஆவணங்களைக் கொடுத்தார்கள், சாதாரண உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் கொடுக்கவில்லை. மாநில நீதிமன்றம் 1,00,000 டாலர் அபராதம் விதித்தது. அப்போதும் கொடுக்கவில்லை. பெயர் வெளியானவர்கள் வேலையை இழந்தார்கள், மிரட்டப்பட்டார்கள், அடிபட்டார்கள் என்பதைக் காட்டினார்கள். 1958இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சேர்ந்து இயங்கும் சுதந்திரமும், யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை வெளியே சொல்லாமல் இருக்கும் உரிமையும் பிரிக்க முடியாதவை என்பதே அதன் சாரம்.

வாசகர் வட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இன்று நீங்கள் பேசும் புத்தகம் யாருக்கும் உறுத்தாததாக இருக்கலாம். பத்து ஆண்டு கழித்து அதே புத்தகம் எப்படிப் பார்க்கப்படும் என்று யாருக்குத் தெரியும்? பதிவேடு அப்போதும் அலமாரியில் இருக்கும்.

சட்டப்படி:

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன்.

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், எந்த நோக்கத்துக்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்து, தேவையான அளவுக்கு மேல் வாங்காதே, தேவை முடிந்ததும் வைத்திருக்காதே என்று மூன்றையும் ஐந்தாவது பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. காகிதப் பதிவேடு என்றாலும், ஒழுங்குபடுத்திய கோப்பாக இருந்தால் அதற்கும் பொருந்தும். மதம், உடல்நலம், அரசியல் கருத்து, தொழிற்சங்க உறுப்பாண்மை ஆகியவற்றை வெளிப்படுத்தும் தகவலுக்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு. ஆவணக்கண் சொன்னது இங்கேதான் வருகிறது. அப்படிப்பட்ட அமைப்பின் வருகைத் தாள், வெறும் பெயர்ப் பட்டியல் ஆகாது.

இந்தியாவின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. இந்தச் சட்டம் காகிதத்தைத் தொடாது. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்து யாராவது எக்செல் தாளில் தட்டச்சு செய்த கணத்தில் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பல சங்கங்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

"அவர்களே விரும்பித்தானே எழுதினார்கள்" என்ற வாதத்துக்கும் அந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒருவர் தாமாகக் கொடுத்த தகவலை, அவர் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தாரோ அதற்குப் பயன்படுத்தலாம். சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மருந்துக் கடையில் பொருள் வாங்கியவர், பணம் பெற்றதற்கான ரசீதை அனுப்பச் சொல்லித் தம் கைப்பேசி எண்ணைக் கொடுக்கிறார். கடைக்காரர் ரசீதை அனுப்பலாம். அந்த எடுத்துக்காட்டு அதோடு நின்றுவிடுகிறது. தச்சன் தம் வருகையைக் குறிக்க எழுதிய முகவரி, காப்பீட்டு விற்பனைக்குப் போக இதில் வழியே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம், 1953இல் வந்தது. உள்ளாட்சி அமைப்புகளின் கூட்டத்துக்கு வரும் பொதுமக்களிடம், நுழைவதற்கான நிபந்தனையாகப் பெயரைக்கூடக் கேட்கக் கூடாது. வாசலில் பதிவேடு வைத்தால், கையெழுத்திடுவது அவரவர் விருப்பம், கையெழுத்திடாதவர்களும் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்று அந்தத் தாளிலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மாநிலம் அது.

சங்கு:

ஐஇடிஎஃப் தெரியுமா? இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பு. 1986இல் தொடங்கியது. முன்பு அவர்களுடைய பணிக்குழுக் கூட்டங்களில் நீல நிறத் தாள் ஒன்று கைமாறிக்கொண்டே வரும். வந்தவர்கள் அதில் பெயரும் மின்னஞ்சலும் எழுதுவார்கள். யார் அறையில் இருந்தார்கள் என்ற கேள்வி காப்புரிமை வழக்குகளில் எழும் என்பதால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அடுத்த முறை எவ்வளவு பெரிய அறை வேண்டும் என்பதற்கும் அது உதவியது. பிற்பாடு மின்னஞ்சல் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவரவர் சார்ந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டார்கள். நெறிமுறைகளும் நின்றுவிடவில்லை, கூட்டமும் நின்றுவிடவில்லை. மின்னஞ்சலோடு அவ்வளவு நெருங்கிப் புழங்குகிறவர்களே வருகைத் தாளில் அது வேண்டாம் என்று வந்துவிட்டார்கள்.

பழஞ்செயலர்:

சங்கு சொன்னது யோசிக்க வைக்கிறது. எண்ணிக்கைக்குப் பெயர் போதும், சான்றுக்குக் கையொப்பம் போதும். உண்மைதான். என் வழக்கில்கூட யாரும் மின்னஞ்சலைப் பார்க்கவில்லை. கையொப்பத்தைத்தான் பார்த்தார்கள்.

அப்படியானால் என் கேள்வி இவ்வளவுதான்: அடுத்த கூட்ட அறிவிப்பு எப்படிப் போய்ச் சேரும்?

கம்பிவலை:

அதற்கு ஒரு தனிச் சீட்டு. அறிவிப்பு வேண்டும் என்பவர் மட்டும் அதில் எழுதி, மடித்து, ஒரு பெட்டியில் போடட்டும். வருகைத் தாளில் பெயரும் கையொப்பமும் மட்டும். ஒன்றை இன்னொன்றாகப் பயன்படுத்துவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் ஊற்று. வந்தேன் என்று ஒப்பமிட்டவர், எனக்குக் கடிதம் எழுது என்று சொல்லவில்லை.

வாங்கிய பிறகு அனுப்பும் இடத்தில் இதைவிடப் பெரிய விபத்துகள் நடக்கின்றன. பிரிட்டனில் சிறார் பாலியல் வன்முறை குறித்த சுதந்திர விசாரணை ஆணையம் 2017 பிப்ரவரியில் தன் பொது விசாரணை அமர்வு பற்றி 90 பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. முதலில் எல்லாரையும் பிசிசி என்னும் மறைநகல் கட்டத்தில் போட்டுச் சரியாகவே அனுப்பினார்கள். அதில் ஒரு பிழை இருப்பது பிறகு தெரிந்தது. உடனே ஒரு திருத்தம் அனுப்பினார்கள். அந்த அவசரத்தில் முகவரிகள் "பெறுநர்" கட்டத்துக்குள் போய்விட்டன. சிறு வயதில் கொடுமைக்கு ஆளாகியிருக்கக்கூடிய 90 பேரும் ஒருவர் முகவரியை ஒருவர் பார்த்தார்கள். அபராதம் 2,00,000 பவுண்டு. அந்த ஊழியர் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. ஒரு பிழையைத் திருத்த நினைத்தார், அவ்வளவுதான்.

2020 பிப்ரவரியில் எச்ஐவி ஸ்காட்லாந்து என்ற தொண்டு அமைப்பு 105 பேருக்கு அனுப்பிய மின்னஞ்சலிலும் இதுவே நடந்தது. 65 முகவரிகளில் ஆளின் பெயரே இருந்தது. மொத்தமாகப் பாதுகாப்பாக அனுப்பும் மென்பொருளை அவர்கள் பல மாதங்களுக்கு முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். இந்தப் பட்டியலை மட்டும் அதற்கு மாற்றாமல் விட்டிருந்தார்கள்.

ஆகவே பிசிசியை நம்பிக் காலம் தள்ளாதீர்கள். நூறு முறை சரியாகச் செய்தாலும் நூற்றோராவது முறை விரல் தவறும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதமாகப் போகும் அஞ்சல் பட்டியல் சேவை ஒன்றைப் பிடியுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் விலகுவதற்கான இணைப்பு இருக்கும்.

சட்டப்படி:

விலகும் இணைப்பைப் பற்றி ஒரு வரி. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதாக இருந்ததோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டமும் சொல்கிறது, இந்தியச் சட்டமும் சொல்கிறது. பேனாவால் ஒரு வரி எழுதிச் சேர்ந்தவரை, விலகுவதற்கு மட்டும் செயலாளருக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லாதீர்கள்.

வெண்பனி:

இணையவழிக் கூட்டங்கள்? அங்கே பதிவேடே இல்லையே, அது பாதுகாப்பானதுதானே?

கம்பிவலை:

இல்லை, அங்கே கவனிக்க வேண்டியது இன்னும் அதிகம். கூகுள் காலண்டரில் நாற்பது பேரை ஒரே நிகழ்வுக்கு அழைத்தால், விருந்தினர் பட்டியலை மறைக்காதவரை நாற்பது பேருக்கும் மற்ற முப்பத்தொன்பது முகவரிகள் தெரியும். அழைப்பை உருவாக்கும் திரையில் "விருந்தினர் பட்டியலைப் பார்க்கலாம்" என்ற பொருளில் ஒரு குறி ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். அதை நாம்தான் எடுக்க வேண்டும். பலர் அந்தப் பக்கம் கண்ணை ஓட்டுவதே இல்லை.

கூகுள் ஃபார்ம்ஸில் பதிவு செய்யச் சொல்பவர்கள், பதில்களின் தொகுப்பைப் பங்கேற்பாளர்களுக்குக் காட்டும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதில்கள் சேரும் விரிதாளின் இணைப்பை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்து வைத்து, அதைக் குழுவில் பகிர்ந்துவிட்டு மறந்துபோன சங்கங்களை நானே மூன்று பார்த்திருக்கிறேன். அந்த இணைப்பு யார் யார் கைக்குப் போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. வாசலில் கிடக்கும் பதிவேட்டைப் படிக்கவாவது ஒருவர் நேரில் வர வேண்டும்.

மணற்கடிகை:

எல்லாரும் தனியுரிமையையே பேசுகிறீர்கள். நான் ஐந்து ஆண்டுகள் இப்படிப்பட்ட பதிவேடுகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தவள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கட்டம் வேலைக்கே ஆகாது. ஆங்கில எல்லும் எண் ஒன்றும் ஒரே மாதிரி நிற்கும். சுழியமா ஓவா என்று தெரியாது. அடிக்கோடு, பதிவேட்டின் அச்சுக்கோட்டோடு சேர்ந்து மறைந்துவிடும். புள்ளி இருக்கிறதா, பேனா தொட்ட கறையா? வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கடைசியில் ஊகித்து ஒன்றை அடிப்பேன்.

ஊகம் தவறினால் கடிதம் திரும்பி வரும் என்றுதான் நினைப்போம். எல்லா நேரமும் அப்படி இல்லை. ஓர் எழுத்து மாறினால் அது வேறு ஒருவருடைய முகவரி. ஒரு முறை எங்கள் உறுப்பினர் ஒருவரின் உதவித்தொகை விண்ணப்பம் பற்றிய கடிதம், முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விட்டது. அவர் நல்லவர், "இது எனக்கானது இல்லை" என்று பதில் எழுதினார். எழுதாதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

யாராவது புதிதாகப் பட்டியலில் சேர்ந்தால், முதலில் ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் அனுப்புங்கள். அதில் உள்ள இணைப்பை அவர் அழுத்தினால் மட்டும் சேருங்கள். தவறான முகவரியும் போகும், பிறர் பெயரில் யாரோ எழுதிவிட்ட முகவரியும் போகும்.

பழஞ்செயலர்:

மணற்கடிகை அம்மா சொல்வது முழு உண்மை. என் கையெழுத்தே எனக்குப் புரியாமல் தவித்திருக்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு தடை. நிதி கொடுக்கும் அமைப்புகள் வந்தவர்களின் பெயர், தொலைபேசி, மின்னஞ்சலோடு பட்டியல் கேட்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

சட்டப்படி:

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கான சான்றுதான் அவர்களுக்கு வேண்டும். படிவம் பழையது, அதில் கட்டங்கள் இருக்கின்றன, யாரோ நிரப்பச் சொல்கிறார்கள். எண்ணிக்கையைச் செயலாளர் சான்றளித்துக் கொடுக்கலாம். தேவையானால் கையொப்பத் தாளை அவர்கள் நேரில் வந்து சரிபார்த்துவிட்டுப் போகலாம், நகல் எடுக்காமல். அதற்கும் மேல் வேண்டும் என்று வற்புறுத்தினால், "இந்தத் தாள் நிதி கொடுக்கும் அமைப்புக்கு அனுப்பப்படும்" என்று தாளின் தலையிலேயே எழுதி வையுங்கள். படித்துவிட்டு எழுதுவதா வேண்டாமா என்பதை வருகிறவர் முடிவு செய்யட்டும். அவருக்குத் தெரியாமல் அனுப்புவதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ஏட்டுக்காரர்:

நேற்று எங்கள் கூட்டம் நடந்தது. செய்ததை எழுதுகிறேன்.

பதிவேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மேசையில் ஒரே ஒரு தாள், பெயரும் கையொப்பமும் மட்டும். மேல் வரியில் "எழுதுவது உங்கள் விருப்பம். எழுதாமலும் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம்" என்று பெரிய எழுத்தில் போட்டேன். பக்கத்தில் சின்னச் சீட்டுகளும் மூடி போட்ட ஒரு பெட்டியும். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சீட்டு போட்டார்கள். பல ஆண்டுகளாக வரும் ஒருவர் சீட்டை எழுதி மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, "இதுவரை உங்களுக்கு நான் கொடுத்தது பயன்படுத்தாத பழைய முகவரி, இது சரியானது" என்றார். நான்கு ஆண்டுகளாக எங்கள் அறிவிப்பு ஒன்றுகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. கேள்விப்பட்டுத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

அந்தப் பெண்மணி வரவில்லை. மாற்றிவிட்டோம் என்று அவருக்குச் சொல்ல எனக்கு வழியும் இல்லை. அடித்த பெயரை உற்றுப் பார்த்தால் படித்துவிடலாம். படிக்கவில்லை.

பழைய பதிவேடுகள் ஐந்து இருக்கின்றன. குழுவில் முடிவெடுத்து, தொலைபேசிக் கட்டத்தையும் மின்னஞ்சல் கட்டத்தையும் கத்தரித்து எடுத்துவிடுகிறோம். பெயரும் கையொப்பமும் சங்கத்தின் வரலாறாக இருக்கட்டும். முல்லை அவர்கள் எழுதிய பிறகு அந்தக் கட்டங்களை ஓர் இரவுகூட அதிகமாக வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று பதிவேடுகள் முடிந்துவிட்டன. தட்டச்சு செய்த எக்செல் தாள் நான்கு பேரிடம் இருந்தது. மூவர் அழித்துவிட்டார்கள். நான்காமவர் சங்கத்தை விட்டுப் போய்விட்டார். தொலைபேசியில் பேசினேன், பழைய கணினியில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

முல்லை:

படித்தேன். நன்றி.

பழஞ்செயலர்:

அந்தச் சீட்டில் என்ன வாசகம் போட்டீர்கள்? எங்கள் சங்கத்துக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாமா?

ஏட்டுக்காரர்:

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. இதுதான்:

"அடுத்த கூட்டங்களின் அறிவிப்பு மின்னஞ்சலில் வேண்டும் என்றால் மட்டும் இதில் எழுதுங்கள். செயலாளரும் துணைச் செயலாளரும் மட்டும் இதைப் பார்ப்பார்கள். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம். பட்டியலில் ஏற்றிய அன்றே இந்தச் சீட்டைக் கிழித்துவிடுவோம். வரும் ஒவ்வொரு கடிதத்திலும் விலகும் இணைப்பு இருக்கும். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாக எழுதவும்."

கடைசி வரி மணற்கடிகை அம்மாவுக்காகச் சேர்த்தது. நேற்று வந்த சீட்டுகளை இரவே ஏற்றிவிட்டுக் கிழித்துவிட்டேன். ஒரே ஒரு சீட்டில் மட்டும் ஓர் எழுத்து ஆங்கில எல்லா, எண் ஒன்றா என்று தெரியவில்லை. ஊகிக்காமல் விட்டிருக்கிறேன். அடுத்த மாதம் அவர் வரும்போது கேட்டுக்கொள்கிறேன்.